பாதியில் நிற்கும் கார்களும் திசை மாறிய எஞ்சின்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினை இறக்கிவிட்டு, சற்றும் தொடர்பில்லாத வேறொரு எஞ்சினை அதில் ஏற்றத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திவிட்டவர்களின் கார்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது என் நெடுநாள் பழக்கம். ஓடுகிற கார் தன்னைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. மூடுதுணிக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் காரோ, வேலை எந்த இடத்தில் முட்டிக்கொண்டது என்பதை பானெட்டைத் திறந்தவுடன் காட்டிவிடும்.

செயின் பிளாக்கில் தொங்கவிட்டு எஞ்சினை உள்ளே இறக்குவது இரண்டு நாள் வேலை. அன்று எடுத்த புகைப்படத்தோடு பல கார்களின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப், சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இடிப்பதும், புகைபோக்கிக் குழாய் ஸ்டியரிங் தண்டின் குறுக்கே வந்து நிற்பதும், பானெட் மூட மறுப்பதும் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஆசைப்பட்டு வாங்கிய பீரோ வாசற்படியில் சிக்கிக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே எத்தனை தட்டுகள் என்று எண்ணிப் பார்த்தவர் வெளியே எத்தனை அங்குலம் என்று அளக்கவில்லை. எஞ்சின் வாங்குகிறவரும் அப்படியே குதிரைத்திறனை எண்ணுகிறார்; நீளத்தையும் உயரத்தையும் அளப்பதில்லை.

அளந்து பார்த்தாலும் பிடிபடாத பொருத்தமின்மை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை அது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1960-ஆம் ஆண்டு மாடலாக வந்த செவ்ரோலெட் கார்வேர் காரில், காற்றினால் குளிர்விக்கப்படும் ஆறு சிலிண்டர் எஞ்சின் பின்பக்கத்தில் படுத்த நிலையில் இருக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரிலும் எஞ்சின் பின்னால்தான், காற்றுக் குளிர்விப்புதான், படுத்த சிலிண்டர்கள்தான். ஆனால் நான்கே சிலிண்டர்கள். இவ்வளவு ஒற்றுமையைக் கண்டவர்கள் ஆறு சிலிண்டரை எடுத்துப் பீட்டிலில் பொருத்த ஆசைப்பட்டதில் வியப்பில்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்க ஓர் இடைத்தகடு வேண்டும். அதைச் செய்து, மாட்டி, ஸ்டார்ட் செய்து, முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டால், கார் பின்னால் போகும். மற்றப் பெரும்பாலான எஞ்சின்கள் சுழலும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் சுழல்வது கார்வேர் எஞ்சின். அப்படியே மாட்டிய பீட்டிலுக்குப் பின்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள், முன்னோக்கிச் செல்ல ஒன்றே ஒன்று! இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைக் கழற்றி மறுபக்கமாகத் திருப்பி மாட்டலாம். அல்லது வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டு எஞ்சினையே திசை மாறிச் சுழலச் செய்யலாம். எதைச் செய்தாலும், முடிந்துவிட்டதென்று நினைத்த வேலையை மீண்டும் பிரிக்க வேண்டும். அந்த இடத்தில் மனம் தளர்ந்த ஒருவரின் காரை நான் பார்த்திருக்கிறேன். கிரவுன் வீல் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு, ஒரு பழைய பெயின்ட் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. டப்பாவின் மேல், எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று அம்புக்குறிகூடப் போட்டு வைத்திருந்தார்.

தனி மனிதர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சன்பீம் ஆல்பைன் என்ற சிறிய காரின் உடலுக்குள் ஃபோர்டின் 4.3 லிட்டர் வி8 எஞ்சினை, அதாவது V வடிவில் எட்டு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினை, நுழைத்து, 1964-இல் சன்பீம் டைகர் என்ற பெயரில் ஒரு தொழிற்சாலையே வெளியிட்டது. அதற்கு இடம் செய்வதற்காக ஸ்டியரிங் அமைப்பையே மாற்றினார்கள். பின்கோடியில் உள்ள ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டுமானால், காருக்குள் உட்கார்ந்து, தடுப்புச் சுவரில் உள்ள அடைப்பை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாகத்தான் கைவிட வேண்டும். பிறகு அந்த நிறுவனம் கிரைஸ்லரின் கைக்குப் போனது. கிரைஸ்லரிடமும் வி8 எஞ்சின் இருந்தது. ஆனால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டர், ஃபோர்டு எஞ்சினில் முன்பக்கம் இருக்கும்; அதில் பின்பக்கம் இருந்தது, அங்கே அதற்கு இடமில்லை. போட்டி நிறுவனத்தின் எஞ்சினைத் தொடர்ந்து வாங்கிப் பொருத்தவும் மனமில்லாததால், 1967-இல் டைகரின் தயாரிப்பு நின்றது. பார்த்தீர்களா, மறுபடியும் அளவுதான், குதிரைத்திறன் அல்ல.

சக்தியைக் கூட்டுவதற்காக அல்லாமல், நிம்மதிக்காக எஞ்சினை மாற்றியவர்களும் உண்டு. 1967-இல் வந்த என்.எஸ்.யூ. ஆர்ஓ 80 காரில் பிஸ்டனே இல்லாத வாங்கெல் சுழல் எஞ்சின் இருந்தது. சுழலியின் முனைகளில் உள்ள சீல்கள் விரைவில் தேய்ந்துபோனதால், அலுத்துப்போன உரிமையாளர்கள் அதை எடுத்துவிட்டு, ஃபோர்டின் சாதாரண வி4 எஞ்சினை ஏற்றினார்கள். அதிர்வே இல்லாத எஞ்சின் போய், கரடுமுரடான எஞ்சின் வந்தது. வி4 நீளத்தில் மிகக் குட்டையானது. அந்தச் சிறிய இடத்துக்குள் அடங்கியது. அதற்கு வேறு தகுதி தேவைப்படவில்லை.

கியர்பாக்ஸ் தண்டின் நீளம், ரேடியேட்டர், பிரேக் என்று இன்னும் மூன்று விஷயங்கள் குறித்து வைத்திருந்தேன். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் மிச்சம். ஆகவே ஒயரிங்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். அதை மாற்றாமல் புது எஞ்சினின் ஆல்டர்னேட்டரை, அதாவது மின்சாரம் உண்டாக்கும் கருவியை, இணைத்தால் அது கருகிவிடும். ஒயரிங்குக்கு அஞ்சுகிறவர்கள் மெர்சிடிஸின் 3 லிட்டர், ஐந்து சிலிண்டர் பழைய டீசல் எஞ்சினைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதன் எரிபொருள் பம்ப் முழுக்க இயந்திர வகை. அதற்குக் கம்ப்யூட்டரோ ஸ்பார்க்கோ தேவையில்லை. ஆனால் அது கனமானது, நீளமானது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பிரேக்கைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. எஞ்சினை ஏற்றுவதற்கு முன்பே அதைக் கவனித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.