நீந்தும் எலியும் மறைந்த மேடையும்

நேயர்களுக்கு வணக்கம்.

ராத்திரி அடுப்படி விளக்கைப் போட்டதும், அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து கிளம்பி நேராகப் பொந்துக்கு ஓடும் எலியைப் பார்த்திருப்பீர்கள். பொந்து இருக்கும் இடம் அதற்கு ஞாபகம் இருக்கிறதா, இல்லை வாடை பிடித்துப் போகிறதா? ஆய்வுக்கூடத்திலும் இதே சிக்கல்தான். வளைந்து வளைந்து போகும் பாதைகளில் எலியை ஓடவிட்டால், முன்னால் போன எலியின் வாடையே பின்னால் வருவதற்கு வழி சொல்லிவிடும்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் மோரிஸ், 1981-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். பெரிய வட்டத் தொட்டி. அதில் பால் கலந்து கலங்கலாக்கிய தண்ணீர். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன மேடை. எலி நன்றாக நீந்தும், ஆனாலும் எப்போது கரையேறலாம் என்றுதான் பார்க்கும். மேடையோ கண்ணுக்குத் தெரியாது, வாடையும் உதவாது. கதவு, விளக்கு, சுவரில் மாட்டிய படம், இவற்றை வைத்துத்தான் இடத்தைக் கணிக்க வேண்டும்.

முதல் நாள் பார்க்கப் பாவமாக இருக்கும். சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும். தற்செயலாகக் கால் மேடையில் பட்டதும் ஏறி நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி அறையை நோட்டம் விடும். என்னைக் கேட்டால், பாதிப் பாடம் அந்தச் சில நொடிகளில்தான் நடக்கிறது. சில நாள் பழகினால், எந்த ஓரத்தில் இறக்கிவிட்டாலும் நேராக மேடைக்குப் போய்விடும்.

அப்புறம்தான் பரீட்சை. மேடையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் போல நீந்த விடுவார்கள். பழகிய எலி, மேடை இருந்த இடத்தையே வளைய வரும். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சேதமான எலி தொட்டி முழுக்க அலையும். 1982-இல் மோரிஸும் சகாக்களும் இதைக் காட்டினார்கள். மேடையை வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் அதே எலி போய் ஏறிக்கொள்ளும். ஆக, கண்ணும் சரி, நீச்சலும் சரி. இடம்தான் மனசில் நிற்கவில்லை.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு நாள், நன்றாகப் பழகிய எலிகளெல்லாம் திடீரென்று குழம்பின. தண்ணீரைச் சோதித்தேன், விளக்கைச் சோதித்தேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பார்த்தால், கேமரா கம்பிக்காக நான்தான் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றிருக்கிறேன். அவை என்னையும் ஓர் அடையாளமாக வைத்திருந்தன! மறுநாளே தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்தேன். ஆய்வு முடியும்வரை அதற்குள்தான் நின்றேன்.