பண்ணையைப் பார்த்தேன், பாலுக்குள் பார்க்கவில்லை

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணித் தோழர்களுக்கும், சபைக்கும் வணக்கம்.

'பண்ணைக்கே போய்ப் பச்சைப் பால் குடிப்பது சுகமா, சூதாட்டமா?' சுகம் என்று பேசிய எதிரணித் தோழர் தனக்குக் கொடுத்த நேரத்தில் முக்கால்வாசியை நுரைக்கே செலவழித்துவிட்டார். கேட்கக் கேட்க எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. சூதாட்டம் என்று பேச வந்த நானும் ஒரு சின்னப் பண்ணைக்குப் போய்க் குடித்தவன்தான், நடுவர் அவர்களே. மறைக்க மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு மாடுகள் இருந்தன. தொழுவம் பளிச்சென்று இருந்தது. கறப்பதற்கு முன் மடியைத் துடைத்தார்கள். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சலைத் தனியாக ஒரு கறுப்புக் கிண்ணத்தில் விட்டு, பால் திரிந்து கட்டி கட்டியாக வருகிறதா என்று பார்த்தார்கள். மடிநோய் முற்றியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடுமாம். அப்புறம் வடிகட்டி, இளஞ்சூடாக ஒரு டம்ளர் கொடுத்தார்கள். குடித்தேன். அருமை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

'பிறகு என்னய்யா வழக்கு?' என்று எதிரணியில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். அன்று நான் பார்த்தது பண்ணையை. பண்ணைக்காரரின் நேர்மையைப் பார்த்தேன், மாட்டின் மினுமினுப்பைப் பார்த்தேன். பாலுக்குள் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. கண்ணால் பார்க்கவும் முடியாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிக் குடித்தேன், தப்பித்தேன். சூதாட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்தவனும் சூதாடியவன்தானே?

மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா தீவுக்கு வாருங்கள். அங்கே இருந்த பிரிட்டிஷ் படையினருக்கு ஒரு காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். மாதக்கணக்கில் மூட்டு மூட்டாக வலிக்கும். 1887இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் அதன் கிருமியைப் பிரித்தெடுத்தார். கிருமி எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பதினெட்டு வருடம் பிடிபடவில்லை. ஏன் தெரியுமா? பால் மேல் பெரிதாக யாரும் சந்தேகப்படவில்லை. ஆடுகளைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து, வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். எதிரணி கேட்கும் 'கண்முன்னால் கறந்த பால்' அதுதான்! 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸாமிட் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளைச் சோதித்தார். நன்றாக மேய்ந்து, நன்றாகக் கறந்து, நோயின் அறிகுறியே இல்லாமல் நின்ற ஆடுகளில் கிருமி இருந்தது. அடுத்த ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சல் மளமளவென்று இறங்கியது.

'அது ஆடு, நாங்கள் பேசுவது மாடு' என்று எழுந்திருக்க வேண்டாம். அதற்கும் ஆள் இருக்கிறார். அமெரிக்காவில் ஆலிஸ் இவான்ஸ் என்ற நுண்ணுயிரியலாளர், அதே குடும்பத்துக் கிருமி பசும்பாலிலும் வருகிறது, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று 1918இல் எழுதினார். பெரிய பெரிய விஞ்ஞானிகள் நம்ப மறுத்தார்கள். 1922இல் அந்த அம்மாவுக்கே ஆய்வகத்தில் அந்த நோய் தொற்றி, பல வருடம் படுத்தியது.

மாடு ஆரோக்கியமாக இருந்தால் போதாதா என்கிறார்கள். நடுவர் அவர்களே, மடி எங்கே இருக்கிறது, சாணம் எங்கிருந்து விழுகிறது, நடுவில் எவ்வளவு தூரம் என்று நான் சபையில் விளக்க வேண்டியதில்லை. ஈ. கோலை ஓ157 என்ற கிருமி மாட்டின் குடலில் சாதுவாகக் குடியிருக்கும், மாட்டுக்கு ஒரு தும்மல்கூட வராது. அதே கிருமி ஒரு சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு கிருமியின் பெயர் சொல்கிறேன்: லிஸ்டீரியா. குளிரிலும் மெதுவாக வளரும். கர்ப்பிணியின் வயிற்றில் இருக்கும் சிசுவைக்கூடப் பறித்துவிடும்.

பண்ணைக்காரர் தினமும் குடிக்கிறாரே என்கிறார்கள். தினமும் குடிப்பதால் சில கிருமிகளுக்கு அவர் உடம்பு பழகியிருக்கலாம். விருந்தாளியாகப் போகிற உங்கள் உடம்புக்கு அது முதல் அறிமுகம்.

சத்து போய்விடும் என்றார் இரண்டாவதாகப் பேசியவர். கிருமி சாகும் அளவுக்கு மட்டும் சூடாக்கும் பாஸ்டர் முறையில் பாலை 72 டிகிரியில் வைப்பது வெறும் 15 விநாடி, இல்லையென்றால் 63 டிகிரியில் 30 நிமிடம். சுண்ணாம்புச் சத்து அப்படியே இருக்கும், புரதத்தின் சத்தும் குறையாது. வைட்டமின் சி கொஞ்சம் குறையும். அதற்காக யார் பால் குடிக்கிறார்கள்? பால் செரிக்காதவர்களுக்குப் பச்சைப் பால் ஒத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் நொதி லாக்டேஸ். காய்ச்சாத பாலிலும் பசு அதைக் கலந்து அனுப்புவதில்லை.

ருசி? சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாக்கில் ஒட்டும் அந்த ஆடைச் சுவை, பால் பச்சையாக இருப்பதால் மட்டும் வருவதில்லை. கடைப்பாலில் கொழுப்பைப் பொடிப்பொடியாக உடைத்துக் கலந்துவிடுகிறார்கள், அதனால்தான் மேலே ஆடை திரளுவதில்லை. அப்படி உடைக்காமல் சூடு மட்டும் காட்டிய புதுப் பாலைக் குடித்துப் பாருங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எதிரணியிடம் ஒரே ஒரு கனமான ஆயுதம் இருக்கிறது, அதை அவர்கள் எடுக்கவே இல்லை. நானே எடுத்துத் தருகிறேன். ஐரோப்பாவில் பண்ணைப் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவு என்று ஆய்வுகள் காட்டின. உண்மை. ஆனால் அந்த ஆய்வாளர்களே, கிருமி ஆபத்து இருப்பதால் பச்சைப் பாலைப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதினார்கள். ஜெர்மனியில் பண்ணையிலேயே பச்சைப் பால் விற்கலாம், ஆனால் 'குடிக்குமுன் காய்ச்சவும்' என்று அறிவிப்பு வைத்தாக வேண்டும். விற்க அனுமதித்த சட்டமே காய்ச்சச் சொல்கிறது.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். அடுத்து எதிரணித் தலைவர் வருகிறார். கறந்த சூட்டோடு அந்த டம்ளரை ஒரு மூன்று வயதுக் குழந்தையின் கையில் அவர் கொடுப்பாரா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை போதும். மீதி நேரம் முழுக்க அவர் நுரையைப் பற்றியே பேசட்டும்.