பூட்டிய அறை, ஒரு காதல்: செட்டிநாட்டு வீட்டில் மாயக் கதை எழுதலாமா?

[காட்சி: கானாடுகாத்தான். ஆளில்லாத தெரு, மூடிய பெரிய கதவு.]

வணக்கம். மாயம், மர்மம், காதல் மூன்றும் கலந்து, சிரித்துக்கொண்டே படிக்கிற மாதிரி ஒரு நாவல் எழுத ஆசையா? வாருங்கள், ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் போவோம்.

முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு, பல வீடுகள் அடுத்த தெருவில்தான் முடியும். வளவைச் சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அவரவர் சாவி அவரவரிடம். ஒருவர் சென்னையில், ஒருவர் பினாங்கில். அறை பூட்டியே கிடக்கும். மர்மத்துக்கு வேறென்ன வேண்டும்?

[காட்சி: உள்ளங்கையில் பழைய இரும்புச் சாவி.]

சரி, கதை. முன்னோர்களுக்குப் படைப்பு. எல்லோரும் ஊருக்கு வந்திருக்கிறார்கள். பினாங்கில் வளர்ந்த, யாருக்கும் தெரியாத ஒரு பையன் வந்து, வருடக்கணக்காகத் திறக்காத அறையின் சாவியை நீட்டுகிறான். நாயகிக்கு அவனைப் பிடித்துவிடுகிறது. ஆனால் சாவி வைத்திருப்பவன் பங்காளிதானே! இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் அப்பா வழியில் ஒரு கோயிலைச் சேர்ந்தது. ஒரே கோயில்காரர்களுக்குள் பொதுவாகக் கல்யாணம் கிடையாது. "அண்ணன்னு கூப்பிடு ஆத்தா" என்று அப்பத்தா சொல்லும் இடத்தில் வாசகர் சிரிப்பார், நாயகிக்கு அழுகை வரும்.

[காட்சி: ஆத்தங்குடிக் கல் பதித்த தரை.]

இப்போது மாயம். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடியின் மேல்தான் வார்ப்பார்கள். அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காய்ந்தபின் கண்ணாடியைப் பிரித்தால்தான் பூ தெரியும். அதுவரை முகம் கீழே பார்த்தபடி இருக்கும். நல்ல துப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

என் கதையில் இந்தக் கற்கள் பேசும். ஒவ்வொரு கல்லும், அதன்மேல் நின்று யாரோ எப்போதோ சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை, யாராவது மிதிக்கும்போது ஒரே ஒரு தடவை சொல்லும். மிதித்துவிட்டால் போச்சு. மாயத்துக்கு இப்படிக் கறாரான விதி இருந்தே ஆக வேண்டும். எல்லாக் கல்லும் எப்போதும் பேசினால் துப்பறிய ஒன்றும் மிஞ்சாது. இங்கே நாயகி எங்கே கால் வைப்பது என்று யோசிக்க வேண்டும். குறுக்கே ஓடும் குழந்தைகள் அவளுக்குப் பெரிய எதிரிகள். கொலையும் வேண்டாம், வில்லனும் வேண்டாம்.

[காட்சி: வாணலியில் வெள்ளைப் பணியாரம்.]

விடை இதுதான். சாவி அவனுடைய அம்மாவின் பெட்டியில் இருந்தது. இதை இரண்டாம் அத்தியாயத்திலேயே, பணியாரம் சுடும் பேச்சுக்கு நடுவே சொல்லிவிடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்த அம்மா இந்த வீட்டில் பிறந்த பெண். தாயார் ரகசியமாக மகளிடம் கொடுத்த சாவி அது. அப்படியானால் பையன் அப்பா வழியில் வேறு கோயில். பங்காளி இல்லை, அத்தை மகன்! கட்டிக்கொள்ளும் முறை! மர்மம் அவிழும் அதே வரியில் காதலின் தடையும் விழுகிறது. இந்த வகை நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

எழுத உட்காரும்போது அந்த வரியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டின் வரைபடம் ஒன்று போட்டு, எந்தக் கல் எந்த அத்தியாயத்தில் பேச வேண்டும் என்று குறியுங்கள்.