ஹோலோகாஸ்ட்: பலியா, படுகொலையா?

வேலூர்ப் பெரியோர்களே, காட்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

'ஹோலோகாஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் படித்திருப்பீர்கள். முற்றான அழிவு, அதிலும் தீயால் வரும் அழிவு என்று அகராதி சொல்லும். ஹிட்லர் ஆட்சியில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதற்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்தில் 'ஹோலோஸ்' என்றால் முழுவதும். 'காஸ்டோஸ்' என்றால் எரிக்கப்பட்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கியபோது, 'ஓலா' என்ற பலியை இந்தச் சொல்லால் குறித்தார்கள். நம் வடஆற்காட்டுக்கு அது அந்நியமல்ல. 1853இல் ஆற்காடு மிஷன் வேரூன்றிய மண் இது. ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவர்களிடம் 'சர்வாங்க தகனபலி' என்று சொன்னாலே போதும். பைபிளில் லேவியராகமம் முதல் அதிகாரம்: காளையை வெட்டி, துண்டங்களை விறகின்மேல் அடுக்கி, குடலையும் தொடையையும் தண்ணீரில் கழுவி, எல்லாவற்றையும் பலிபீடத்தில் எரித்துவிட வேண்டும். வேறு பல பலிகளில் உண்பதற்கு ஒரு பங்கு உண்டு. இதில் ஒரு துண்டு இறைச்சிகூடக் கிடையாது. தோல் மட்டும் பலியிடும் ஆசாரியருக்கு. தோல் தொழில் நடக்கும் நம் பக்கத்தில் அந்த வரி தனியாகக் கண்ணில் படும்.

இங்கேதான் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பலி என்பது கடவுளுக்கு மனமுவந்து படைப்பது. ஹிட்லரின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் நச்சுவாயுவால் கொன்று உலையில் எரித்தார்களே, அது யாருக்குப் படைத்த படையல்? பச்சைக் குழந்தைகளைக் கொன்றவனை ஆசாரியன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறதே இந்தப் பெயர்! அதனால்தான் யூதர்கள் பலர் 'ஷோவா' என்கிறார்கள். பேரழிவு என்று பொருள். பலியின் வாடையே அதில் இல்லை. பைபிளின் செப்பனியா நூல் முதல் அதிகாரத்தில் வரும் சொல் அது. 'அழிவும் பாழ்க்கடிப்புமான நாள்' என்று தமிழில் படிக்கிறோமே, அந்த இடம்.

அப்புறம், குற்றத்துக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின், அந்தக் கொடுமையில் உறவினர் பலரைப் பறிகொடுத்தவர். இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு கொல்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லைச் சேர்த்து, 1944இல் வெளியான தம் நூலில் 'ஜெனோசைட்' என்று எழுதினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை அதைக் குற்றமாக்கும் உடன்படிக்கையை ஏற்றது. இனப்படுகொலை என்கிறோம் நாம். செய்தது கொலை என்று அந்தச் சொல் மறைக்காமல் சொல்கிறது.

மாணவர்களே, ஆங்கிலத்தில் எழுதும்போது ஹோலோகாஸ்ட் என்று எழுதுங்கள், உலக வழக்கு அது. தமிழில் யூத இனப்படுகொலை என்றே எழுதுங்கள்.