பின்னால் இழுத்த பீரங்கிகள்

நடுவர் அவர்களே, எதிரணியில் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

தன் நாட்டை ஆண்ட பிரான்சுக்கு எதிராக வியட்நாமின் தளபதி வோ நுயென் கியாப் பெற்ற வெற்றிக்குப் பெரிதும் காரணம் துணிவா, நிதானமா? இதுதான் இன்றைய கேள்வி. நிதானமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். 1944 டிசம்பர் 22 அன்று காவோ பாங் மாகாணத்துக் காட்டில் 34 பேரை வைத்துக்கொண்டு ஒரு படையைத் தொடங்கிய மனிதர் கியாப் என்றார். ராணுவப் பள்ளியின் வாசற்படியைக்கூட மிதிக்காத வரலாற்று ஆசிரியர், பிரான்சின் பெரும்படையை முறியடித்தார் என்றார். "துணிவு இல்லாதவனால் இது முடியுமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் படையில் துணிவு யாரிடம் இல்லை? அரிசி மூட்டையைச் சைக்கிளில் கட்டி, குண்டு விழும் மலைப்பாதையில் இரவெல்லாம் தள்ளிக்கொண்டு போன விவசாயியிடம் இல்லையா? அப்படி ஒருவர் இருவர் அல்ல, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சுமை தூக்கினார்கள். எல்லோரிடமும் இருந்த ஒன்றைத் தளபதிக்கு மட்டும் தனிப்பெருமையாகக் கொடுப்பது என்ன நியாயம்? அத்தனை பேருடைய துணிவையும் எப்போது, எங்கே செலவழிப்பது என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவில்தான் கியாப் தெரிகிறார்.

துணிவே போதும் என்றால் 1951-இலேயே வென்றிருக்க வேண்டும். அந்த ஜனவரியில் செவ்வாற்றுச் சமவெளியில், வின் யென் என்ற ஊரில், பிரெஞ்சுப் படைமீது நேருக்கு நேர் பாய்ந்தார்கள். எதிரில் நின்றவர் பிரெஞ்சுத் தளபதி தெ லாத்ர். விமானங்கள் நேபாம் என்ற தீக்குண்டுகளைக் கொட்டின. திறந்த வெளியில் அலையலையாக வந்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதன்பின் மாவோ கே, அதன்பின் டாய் என்ற ஆற்றின் கரை. மூன்று தாக்குதல்கள், மூன்றும் தோல்வி. அன்று அந்த வீரர்களிடம் துணிவுக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. தளபதியிடம்தான் நிதானம் போதவில்லை. எங்கள் வழக்குக்கு முதல் சாட்சியே கியாப்பின் தோல்விதான்!

இப்போது டியன் பியன் பூவுக்கு வருகிறேன். எதிரணியினர் இதை அவசரமாகத் தாண்டிப் போனார்கள். நான் கொஞ்ச நேரம் இங்கே நிற்கப் போகிறேன்.

லாவோஸ் எல்லையை ஒட்டி, சுற்றிலும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு. 1953 நவம்பர் 20 அன்று பிரெஞ்சுப் பாராசூட் வீரர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். 'வியட்மின் படை (கியாப்பின் படைக்கு அன்றைய பெயர்) இந்த மலைகளில் கனரகப் பீரங்கிகளை ஏற்ற முடியாது. ஏற்றினாலும் நம் பீரங்கிகள் அவற்றை நொறுக்கிவிடும்' என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால் பீரங்கிகள் வந்தன. டன் கணக்கில் எடையுள்ள 105 மில்லிமீட்டர் பீரங்கிகளைக் கயிறு கட்டி, கையாலேயே சரிவுகளில் இழுத்துவந்தார்கள். மூன்று இரவு, இரண்டு பகலில் முடித்துவிடலாம் என்பது திட்டம். சீன ஆலோசகர் வெய் குவோசிங்கும் சொந்தத் தளபதிகளும் அதையே விரும்பினார்கள். வீரர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். 1954 ஜனவரி 26 மாலை ஐந்து மணிக்குத் தாக்குதல்.

முந்தைய இரவு கியாப் தூங்கவில்லை. தலைவலி மண்டையைப் பிளந்தது. மருத்துவர் மாசிபத்திரி இலையை நெற்றியில் வைத்துக் கட்டிவிட்டார். அந்தக் கட்டோடு உட்கார்ந்து யோசித்தார். பிரெஞ்சுக்காரர்கள் வந்திறங்கியபோது இருந்தது போல இப்போது இல்லை, அரண்களைப் பலப்படுத்திவிட்டார்கள். காலாட்படையும் பீரங்கிப்படையும் சேர்ந்து இவ்வளவு பெரிய தாக்குதலை நடத்திப் பழக்கமில்லை. நம் வீரர்கள் இரவுச் சண்டைக்குப் பழகியவர்கள். பகலில், சமவெளியில், டாங்கிகளுக்கும் விமானங்களுக்கும் எதிரே நிற்க வேண்டும். இந்த மூன்றுக்கும் அவரிடம் விடை இல்லை. புறப்படும்போது நாட்டின் தலைவர் ஹோ சி மின் சொல்லி அனுப்பிய வார்த்தையோ இவ்வளவுதான்: வெற்றி உறுதி என்றால் அடி, உறுதி இல்லையென்றால் அடிக்காதே.

விடிந்ததும் வெய் குவோசிங்கிடம் போய்ப் பேசினார். பிறகு கட்சிக் குழுவைக் கூட்டினார். எதிர்ப்பு எழாமல் இல்லை. வீரர்களை இவ்வளவு தூரம் உசுப்பிவிட்டுப் பின்வாங்கச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். "நூற்றுக்கு நூறு வெற்றி என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா?" என்பதே கியாப் திருப்பிக் கேட்ட கேள்வி. யாராலும் சொல்ல முடியவில்லை. தாக்குதல் நின்றது. தன் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான முடிவு இதுதான் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

உயிரைக் கொடுத்து மேலே ஏற்றிய பீரங்கிகளைத் திரும்பவும் கீழே இறக்குங்கள் என்று உத்தரவு போனது. அந்த வீரர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அப்படிப் பின்னால் இழுக்கும்போது, சரிவில் உருண்ட ஒரு பீரங்கியைத் தடுக்கத் தன் உடம்பையே சக்கரத்துக்குக் குறுக்கே போட்டார் தோ வின் தியென் என்ற வீரர். அங்கேயே உயிர் போனது. அது துணிவு, மகத்தான துணிவு. அவர் பெயரைச் சொல்லும்போது என் தொண்டை அடைக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சண்டைக்கிடா நாலடி பின்னால் போனால் பயந்துவிட்டது என்று விவரம் தெரிந்தவர் சொல்லமாட்டார்கள். கியாப் அப்படித்தான் பின்னால் போனார்.

ஒன்றரை மாதம் காத்திருந்தார். ஒரு படைப்பிரிவை லாவோஸ் பக்கம் அனுப்பி எதிரியின் கவனத்தைத் திருப்பினார். பீரங்கிகளுக்கு மலைக்குள்ளேயே குழி தோண்டி மறைவிடம் அமைத்தார். மார்ச் 13 மாலை முதல் குண்டு வெடித்தது. அன்றிரவே ஹிம் லாம் அரண் விழுந்தது. பிரெஞ்சுப் பீரங்கிப்படைத் தலைவர் பிரோத், எதிரியின் பீரங்கிகளை ஒடுக்கிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தவர், மூன்றாம் நாளுக்குள் கையெறி குண்டால் தன்னை மாய்த்துக்கொண்டார். அதன்பின்னும் கியாப் பாய்ந்துவிடவில்லை. நூறு கிலோமீட்டருக்கும் மேல் பதுங்குகுழி வெட்டி, அங்குலம் அங்குலமாக நெருங்கினார். விமானத்தளம் முடங்கியது. 56-ஆம் நாள், மே 7 அன்று, பிரெஞ்சுத் தளபதி தெ காஸ்த்ரி சிறைப்பட்டார். மறுநாள் ஜெனிவாவில் இந்தோசீனா, அதாவது வியட்நாம், லாவோஸ், கம்போடியா பற்றிய பேச்சுவார்த்தை தொடங்கியது. அந்த மேசையில் பிரான்ஸ் எந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும்?

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி ஒரு குற்றச்சாட்டு வைத்தார்: 'வீரர்களின் உயிரைப் பொருட்படுத்தாதவர் கியாப், அதற்குப் பெயர் நிதானமா?' இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். டியன் பியன் பூவில் வியட்நாம் அரசுக் கணக்குப்படியே நான்காயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். மேற்கத்திய மதிப்பீடு ஏறக்குறைய இரு மடங்கு. ஒவ்வொன்றும் ஒரு தாயின் பிள்ளை. ஆனால், சகோதரி, உயிரை மதிக்காதவருக்கு ஜனவரி 25 இரவு தூக்கம் ஏன் போக வேண்டும்? பேசாமல் அனுப்பியிருக்கலாமே! எல்லோரும் அதைத்தானே கேட்டார்கள்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கியாப்பின் மனைவி குவாங் தாய் பிரெஞ்சுச் சிறையில் இறந்தவர். மனைவியின் அக்காள் மின் காயை 1941-இல் பிரெஞ்சு அரசு சுட்டுக் கொன்றது. தந்தையும் பிரெஞ்சுக் காவலில்தான் மாண்டார். கண்ணுக்கு எதிரே அதே கொடி பறக்கிறது, கையில் பீரங்கி இருக்கிறது, ஐந்து மணிக்கு உத்தரவு கொடுத்தால் போதும். அந்தக் கோபத்தை ஒருவர் விழுங்கினாரே, நடுவர் அவர்களே, அதைவிடப் பெரிய ஆட்சி ஒரு மனிதன் தன்மேல் செலுத்த முடியுமா?

பிற்காலத்தில் அவரை ஒதுக்கினார்கள். 1980-இல் பாதுகாப்பு அமைச்சர் பதவி போனது, 1982-இல் அரசியல் தலைமைக்குழுவில் இடமும் போனது. குடும்பக் கட்டுப்பாட்டுக் குழுவைக் கவனிக்கச் சொன்னார்கள். பிரான்சை வென்றவர் அதையும் ஏற்றுச் செய்தார். 2013 அக்டோபரில் 102 வயதில் அவர் இறந்தபோது, ஹனோயில் அவர் வீட்டு வாசலில் அஞ்சலி செலுத்த மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

எனக்குப் பின்னால் எதிரணியிலிருந்து ஒருவர் பேச வருவார். அவருக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். 1954 ஜனவரி 26 மாலை ஐந்து மணிக்கு, அந்த மூன்று சிக்கல்களுக்கும் விடை தெரியாமலேயே, கியாப் தாக்கியிருக்க வேண்டும் என்று சொல்ல நீங்கள் தயாரா? தயார் என்றால், ஏன் என்று இந்த அவைக்கு விளக்குங்கள். தயாரில்லை என்றால், தீர்ப்பை எங்கள் பக்கம் தருமாறு நடுவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.