நேரம் குறையட்டும், ஊதியம் குறைய வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

வாரத்தில் ஒரு நாள் வேலையைக் குறைத்துவிட்டு முழு ஊதியம் கேட்பது, செய்யாத வேலைக்குக் கூலி கேட்பதாகாதா என்றார் எதிரணித் தலைவர். உழைக்கும் மணி நேரங்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை என்று அவர் போட்ட கணக்கைத்தான் நாங்கள் மறுக்கிறோம்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைகளில் ஏராளமான பெண்கள் உழைத்தார்கள். அவர்களுடைய வேலை நேரமும் உற்பத்தியும் பதிவு செய்யப்பட்டிருந்தன. அந்தப் பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளியலாளர் ஜான் பென்கவெல், வாரம் 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்த உற்பத்தி, 56 மணி நேரத்தில் கிடைத்ததிலிருந்து அதிகம் வேறுபடவில்லை என்று கண்டார். இயந்திரத்தின் முன் கால் கடுக்க நின்று கொடுத்த 14 மணி நேரம், அநேகமாக, வீண். நினைக்கவே மனம் வலிக்கிறது.

அது பழைய கதை, இன்றைய 40 மணி நேரத்துக்குப் பொருந்துமா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேருக்கு, ஊதியத்தைத் தொடாமல், வார வேலை 40 மணி நேரத்திலிருந்து 35 அல்லது 36 ஆகக் குறைக்கப்பட்டது; பெரும்பாலான இடங்களில் பணியின் தரம் குறையவில்லை, சில இடங்களில் உயர்ந்தது. கூட்டங்களைச் சுருக்கினார்கள், தேவையற்ற வேலைகளைக் கைவிட்டார்கள். பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் ஆறு மாதம், ஊதியத்தைக் குறைக்காமல், வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தன. 56 நிறுவனங்கள் அதன்பிறகும் தொடர்ந்தன. லாபநட்டம் பார்க்கும் நிறுவனங்கள் தருமத்துக்காகவா தொடர்ந்திருக்கும்?

வாரக் கடைசியில், மாலை ஐந்து மணிக்கு, ஒரே மின்னஞ்சலை மூன்றாம் முறையாகப் படித்தும் பொருள் பிடிபடாமல் அமர்ந்திருக்கும் ஊழியரை எண்ணிப் பாருங்கள். அப்போது அவர் தவறாக இட்ட ஓர் எண்ணைத் தேடித் திருத்தவே அடுத்த வாரத்தின் முதல் காலைப்பொழுது போய்விடும்.

மருத்துவமனை போல இரவு பகல் இயங்கும் இடங்களில் கூடுதல் ஆட்கள் வேண்டும், செலவும் கூடும்; இதை நான் மறைக்கவில்லை. ஆனால், களைத்த கண்களோடு மருந்தின் அளவைப் பார்க்கும் செவிலியரால் நோயாளிக்கு நேரக்கூடிய கேடும் அந்தச் செலவுக் கணக்கில் ஏற வேண்டும் என்கிறேன்.

நேரத்தோடு ஊதியத்தையும் குறைக்கலாம் என்பது எதிரணி சொன்ன சமரசம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1935இல் 40 மணி நேர வாரத்துக்கான உடன்படிக்கையை ஏற்றபோதே, அதனால் வாழ்க்கைத்தரம் தாழக் கூடாது என்று அதில் எழுதிவைத்தது. காரணம் வெளிப்படை: ஐந்தில் ஒரு பங்கு ஊதியத்தை இழந்தவர், கிடைத்த ஓய்வு நாளில் வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் தேடி இன்னொரு வேலைக்குத்தான் போவார்.