கியோட்டோவில் ஒரு நாள்: நான்கு இடங்கள் போதும்

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரலில் ஜப்பான் போகிற குழுவினர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று செயலாளர் சொன்னார். மேடை ஏறுவதற்கு முன் அவர்களுடைய பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். கியோட்டோவுக்கு ஒரே ஒரு நாள். அந்த நாளுக்குள் எட்டு இடங்கள், நடுவில் கிமோனோ உடுத்திப் புகைப்படம், தேநீர்ச் சடங்கு. அந்தத் தாளில் பாதியை அடித்துவிடச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

794இல் தலைநகராகி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பேரரசர்கள் வாழ்ந்த ஊர் கியோட்டோ. 1994இல் யுனெஸ்கோ அங்கும் பக்கத்து ஊர்களிலுமாக 17 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால், நகரத்தின் தென்கிழக்கு மூலையிலிருந்து வடமேற்கு மூலைக்குப் போகும் சாலையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். நகரப் பேருந்துகளில் உள்ளூர்க்காரர்களுக்கே இடம் கிடைப்பதில்லை. பயணிகள் வாங்கிவந்த ஒரு நாள் பேருந்துச் சீட்டின் விற்பனையை 2023இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்க வேண்டும்.

முதலில் அடிக்க வேண்டியது, கோபித்துக்கொள்ளாதீர்கள், தங்க மண்டபம். கின்காகுஜி. ஷோகனாக, அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவராக இருந்த அஷிகாகா யோஷிமிட்சு 1397இல் ஓய்வு மாளிகையாகக் கட்டத் தொடங்கியது. 1950இல் இளம் துறவி ஒருவர் தீ வைத்ததில் எரிந்துபோய், 1955இல் மறுபடி எழுந்தது. புதிது என்பதற்காக அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. புதுப்பிக்காத கோயில் ஜப்பானில் ஏது? உள்ளே விடமாட்டார்கள் என்பதுதான் காரணம். குளத்துக்கு இக்கரையில் நின்று பார்த்துவிட்டு, ஒருவழிப் பாதையில் கூட்டத்தோடு நகர வேண்டியதுதான். படத்தில் என்ன தெரிகிறதோ அதேதான் நேரிலும்.

சரி, எங்கே போவது? விடிந்ததும் புஷிமி இனாரி. கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம். கட்டணம் இல்லை, கதவும் இல்லை, எந்நேரமும் ஏறலாம். 711இல் தோன்றியதாகச் சொல்லப்படும் கோயில், ஜப்பானின் பழைய சமயமான ஷின்டோவைச் சேர்ந்தது. இனாரி முதலில் நெல்லுக்கான தெய்வம், பிறகு வியாபாரத்துக்கும் தெய்வமானது. அங்கங்கே கல்லில் நிற்கும் நரிகள் இனாரியின் தூதர்கள். சில நரிகளின் வாயில் சாவி இருக்கும், நெற்களஞ்சியத்தின் சாவி. மலைப்பாதை முழுக்கச் செஞ்சிவப்புத் தோரணவாயில்கள், ஆயிரக்கணக்கில். ஏறும்போது வெறும் நிறம்தான் தெரியும். திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் எழுத்து: கொடுத்தவர் பெயர், நாள். நம்மூர்க் கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் இருக்குமே, அதேதான். மரத்தூண் மழையில் உளுத்துப்போனால் அகற்றிவிட்டு, அடுத்தவர் காணிக்கையை நடுவார்கள். பெரும்பாலான குழுக்கள் முதல் வளைவில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடும். நீங்கள் பாதி மலையாவது ஏறுங்கள். உச்சியே 233 மீட்டர்தான்.

அங்கிருந்து கெய்ஹான் ரயிலில் ஷிச்சிஜோ. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சான்ஜூசான்கென்டோ என்ற பௌத்த ஆலயம். உங்கள் தாளில் இந்தப் பெயரே இல்லை. எனக்கு ஒரே ஓர் இடம்தான் வாய்க்கும் என்றால், நான் போவது இங்கேதான்.

வெளியிலிருந்து பார்த்தால் நீண்ட மரக்கொட்டகை, அவ்வளவுதான். ஏறக்குறைய 120 மீட்டர் நீளம். 1164இல் கட்டியது 1249இல் எரிந்தது. இப்போது நிற்பது 1266இல் எழுப்பியது. உள்ளே கன்னோன், அதாவது பௌத்தத்தில் கருணையின் வடிவான அவலோகிதேஸ்வரர், 1001 உருவங்களாக இருக்கிறார். நடுவில் பெரிதாக ஒருவர் அமர்ந்திருக்க, இருபக்கமும் ஐந்நூறு ஐந்நூறாக ஆள் உயரத்தில் நிற்கிறார்கள். எல்லாமே ஹினோகி மரத்தில் செதுக்கிப் பொன்தகடு ஒட்டியவை. நடு உருவத்தைச் செய்த சிற்பி தன்கெய்க்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. தீயில் தப்பிய 124 உருவங்கள் மற்றவற்றோடு கலந்து நிற்கின்றன. ஆயிரம் கை கன்னோன் என்று பெயர், ஆனால் எண்ணினால் கூப்பிய கைகள் போக 40தான் வரும். ஒவ்வொரு கையும் 25 உலகங்களைக் காக்கிறதாம். பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

நமக்கு அதிலும் வேலை இருப்பது முன்வரிசையில். அங்கே 28 காவல் தெய்வங்கள். தாய்ஷாகுதென் என்ற பெயரில் இந்திரன், போன்தென் என்ற பெயரில் பிரம்மா, குழல் ஊதும் கருடன், அசுரன், நாராயணன், மகேஸ்வரன், நாகராஜர்கள். வரிசையின் இரு முனைகளிலும் காற்று தேவனும் இடி தேவனும். இந்தியாவில் புறப்பட்டு, பௌத்தத்தோடு நடு ஆசியா, சீனா, கொரியா வழியாக முகம் மாறி மாறி வந்து சேர்ந்தவர்கள். யாரும் சொல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். சொல்லத் தெரிந்தவர் கூட வந்தால் ஒரு மணி நேரம் போதாது. படம் எடுக்க அனுமதி இல்லை என்பதால் எல்லாரும் கண்ணால் பார்க்கிறார்கள். அது ஒரு வசதி.

வெளித் தாழ்வாரத்தையும் விட்டுவிடாதீர்கள். எடோ காலத்து, அதாவது 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான, வில்லாளிகள் அதன் ஒரு முனையில் உட்கார்ந்து மறுமுனைக்கு அம்பு எய்து போட்டி போட்டார்கள். 1686இல் வாசா தாய்ஹாச்சிரோ என்ற இளைஞர் ஒரு பகலும் ஓர் இரவும் எய்த அம்புகள் 13,053. அதில் இலக்கு சேர்ந்தவை 8,133. கை என்ன ஆகியிருக்குமோ!

மூன்றாவது கியோமிசு. 778இல் தோன்றிய ஆலயம். இன்றைய பெரிய மண்டபம் 1633இல் கட்டியது. சரிவில் 13 மீட்டர் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மேடையை ஆணி இல்லாமல் பூட்டியிருக்கிறார்கள். வேண்டுதல் நிறைவேறும் என்று நம்பி அதிலிருந்து குதித்தவர்கள் உண்டு. 1872இல் தடை போட்டார்கள். மேடைமேல் நின்று படம் எடுப்பதைவிடக் கீழே இறங்கித் தூண்களை அண்ணாந்து பாருங்கள், கட்டிய கதை அங்கேதான் தெரியும். தூண்களெல்லாம் கெயாகி மரம். எதிர்காலத்தில் மாற்ற வேண்டி வரும்போது மரம் கிடைக்க வேண்டுமே என்று ஆலயத்தார் இப்போதே மலைகளில் கெயாகி நட்டு வளர்க்கிறார்கள்.

பிற்பகலில் டாக்சி பிடித்து ரியோஆன்ஜி போய்விடுங்கள். பாறைத் தோட்டத்துக்குப் பேர்போன ஜென் பௌத்த ஆலயம். வெள்ளைச் சரளைக் கல், 15 பாறைகள், ஓரத்தில் கொஞ்சம் பாசி. மரம் இல்லை, தண்ணீர் இல்லை. தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு பாறையாவது மறைந்துவிடும். யார் வடிவமைத்தார்கள் என்பது உறுதியாகவில்லை. என்ன பொருள் என்று வழிகாட்டியைக் கேட்காதீர்கள். புலிக்குட்டிகள் ஆற்றைக் கடக்கின்றன என்பார், கடலில் தீவுகள் என்பார், எல்லாம் பிறகு வந்த விளக்கங்கள். பின்னால் இருக்கும் மண்சுவரைக் கவனியுங்கள். களிமண்ணில் கலந்த எண்ணெய் காலப்போக்கில் கசிந்து கறையாகப் படர்ந்திருக்கிறது. தோட்டத்தில் எனக்குப் பிடித்ததே அந்தச் சுவர்தான்.

வழிகாட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் இதற்கு அரசுத் தேர்வு உண்டு. அந்த உரிமம் இல்லாமல் வெளிநாட்டினருக்குக் காசு வாங்கி வழிகாட்டக் கூடாது என்றிருந்த சட்டத்தை 2018இல் தளர்த்திவிட்டார்கள். எனவே உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், எங்கள் பட்டியலில் எதை விடலாம் என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று சொல்பவரை நான் அமர்த்தமாட்டேன்.

சீட்டில் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. சைவச் சாப்பாடு? தோஃபு, அதாவது சோயாக் கட்டி, என்றதும் நம்பிவிடாதீர்கள். சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். துறவிகளின் ஷோஜின் உணவு என்று கேட்டு முன்பதிவு செய்யுங்கள். அதில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது.

குழந்தைகளோடு போகலாமா? ரியோஆன்ஜியில் அவர்களை உட்கார வைப்பது பாவம். மதியத்துக்குமேல் அவர்களை ரயிலில் நாரா நகருக்கு அழைத்துப் போங்கள், முக்கால் மணி நேரம். அங்கே தோதாய்ஜி ஆலயத்தின் பெரிய வெண்கலப் புத்தருக்கு 752இல் கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் கட்டிய நீண்ட கயிற்றைக் கூடியிருந்தவர்களும் பற்றிக்கொண்டார்கள். அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் களஞ்சியத்தில் இன்றும் இருக்கின்றன. பூங்காவில் மான்களுக்கென்றே பிஸ்கட் விற்பார்கள். வாங்கியதும் கொடுத்துவிடச் சொல்லுங்கள், தாமதித்தால் மான் சட்டையைக் கடிக்கும். பயணத் திட்டத் தாளைப் பைக்குள் பத்திரமாக வையுங்கள், காகிதத்தையும் அவை விடுவதில்லை.